துப்பாக்கிக்குப் பெட்டி வாங்கப் போன கதை

நம்மில் பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கி என்றால் சினிமா. அதை விட்டால் 1967 ஜனவரியில் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட சம்பவம். அவ்வளவுதான் தொடர்பு. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து லெட்ஜரோடு காலம் தள்ளும் எனக்கும் அப்படித்தான். எங்கள் கிளை வாசலில் நிற்கும் காவலரின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்து சைனிக்புரியில் வாடகைக்கு வீடு பிடித்தால் கதை வேறு. பெயரிலேயே இருக்கிறதே, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் வாழும் இடம்.

எதிர் வீட்டுக்காரர் வேலூர் பக்கத்தவர். சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர், வயது 68. லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் வைத்திருக்கிறார், கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலைத் தயாரிப்பு. ஏழு அங்குல நீளம், முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. கோடை விடுமுறைக்கு மகளும் ஏழு வயதுப் பேரனும் கோவையிலிருந்து வருவதாகப் போன் வந்ததும் மனிதர் என்னிடம் வந்தார்.

"தம்பி, இதை உங்க பேங்க் லாக்கர்ல வெச்சுடலாமா?"

கூடாது என்றேன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் லாக்கர் விதிகளைத் திருத்தி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டவிரோதமானதோ அபாயகரமானதோ எதையும் லாக்கரில் வைக்க மாட்டேன் என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆயுதம், வெடிபொருள் கூடாது என்று ஒப்பந்தப் படிவமே சொல்கிறது. ரொக்கப் பணம்கூட வைக்கக் கூடாது. (இதைச் சொன்னால் கிளையில் பாதிப்பேர் முகம் மாறும் :-))

"ஸ்டேஷன்லயே கொடுத்து வைக்கலாமே சார்?" என்று கேட்டேன். தேர்தல் வந்தால் எப்படியும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். 2023 நவம்பர் சட்டமன்றத் தேர்தல், 2024 மே நாடாளுமன்றத் தேர்தல் இரண்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி, பிறகு மீட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நாலு நடை. பேரன் வரும்போதெல்லாம் அந்த அலைச்சல் வேண்டாம் என்றார். சரி, வீட்டில் இப்போது எங்கே இருக்கிறது? பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில். பீரோ சாவி? பீரோ மேலே. நம்ம வீடுகளில் பீரோ சாவி வேறு எங்கே இருக்கும்!

2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று லைசென்ஸ்தாரர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஆனால் எந்தப் பெட்டி, எந்தப் பூட்டு என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பெட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபர் 1-ம் தேதி மும்பையில் நடந்ததே போதும். நடிகர் கோவிந்தா விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் தன் ரிவால்வரை பீரோவில் வைக்கப் போக, அது கைதவறி விழுந்து வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது. வளர்ந்த ஆள், லைசென்ஸ் உள்ளவர், சொந்த வீடு.

ஒரு சனிக்கிழமை இருவரும் ராணிகஞ்ச் போனோம். துப்பாக்கிக்கென்றே பெட்டி கேட்டால் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வீட்டு லாக்கர்தான் எல்லோரிடமும் இருக்கிறது, ஹோட்டல் அறையில் பார்ப்போமே அந்த மாதிரி. பளபளவென்று நம்பர் பட்டன், கைரேகை, நீல விளக்கு. சுபேதாருக்குக் கைரேகை மேல் ஆசை. ராத்திரியில் திருடன் வந்தால் விரலை வைத்தால் போதுமே என்றார்.

எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் அமெரிக்கக் கதை. அங்கே இருக்கும் நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. 2023 அக்டோபரில் அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகள் சுமார் 61,000-ஐத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கைரேகையைச் சரியாகப் பதிந்து முடிக்காத பெட்டி, யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டது. வாங்கியவருக்கோ பூட்டியிருப்பதாகவே நினைப்பு. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்தான் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொன்னார்கள். அதற்கும் முன்னால், 2012-ல் லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டில், சில பெட்டிகளைக் கொஞ்சம் தூக்கித் தொப்பென்று போட்டே மூன்று வயதுக் குழந்தை திறப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். மலிவான எலெக்ட்ரானிக் பூட்டுகளில் தாழ்ப்பாளைத் தடுத்து நிற்பது ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு சின்ன ஊசி. அதிர்ச்சியில் அது ஒரு கணம் துள்ளினால் போதும், கைப்பிடி திரும்பிவிடும்.

கடையில் நான் அதையே செய்து பார்த்தேன். மேல்தகட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி, அதே சமயம் கைப்பிடியைத் திருப்புவது. இரண்டாவது பெட்டி திறந்துகொண்டது. கடைப் பையன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். பேர் சொல்ல மாட்டேன்.

கடைசியில் வாங்கியது நம்பரும் விரலும் இல்லாத, சாதாரண இரட்டைச் சாவிப் பெட்டி. தகடு 16 கேஜ், கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். (கேஜ் எண் கூடினால் தகடு மெலியும், மறந்துவிடாதீர்கள். 'இருபது கேஜ் சார், ஸ்ட்ராங்' என்று ஒருவர் என்னிடமே விற்கப் பார்த்தார்.) கீல் உள்பக்கம். அடியில் நான்கு துளை. அந்தத் துளை முக்கியம், ஏனென்றால் தரையோடு போல்ட் போடாத சின்னப் பெட்டி, திருடனுக்கு நாம் பிடிபோட்டுக் கொடுத்த பெட்டி. உள்ளே ஸ்பாஞ்ச் இருந்தது, பிடுங்கிப் போடச் சொன்னேன். மழைக்காலத்தில் ஈரம் பிடித்து இரும்பைத் துருவேற்றும். பதிலுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. தோட்டாவுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, வேறு அறையில்.

எங்கே பதிப்பது என்பதில் அம்மாவுக்கும் அவருக்கும் தகராறு. அம்மா குபேர மூலை என்றார், அங்கே தரைக்கடியில் குழாய் போகிறது என்றார் சுபேதார். குழாய்தான் ஜெயித்தது.

பெட்டியைவிட எனக்குக் கவலை சாவியைப் பற்றித்தான். வங்கியில் கஜானா அறைக்கு ஒருவர் சாவி போதாது. அதிகாரி ஒருவர், கேஷியர் ஒருவர், இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். டூப்ளிகேட் சாவி சீல் வைத்த உறையில் வேறு கிளையில் இருக்கும். அதைச் சொன்னதும் சுபேதார், "அப்ப ஸ்பேர் சாவியை நீங்க வெச்சுக்குங்க தம்பி" என்று நீட்டினார். வேண்டாம் சார், லைசென்ஸ் உங்க பேரில், என் கையில் அந்தச் சாவி இருப்பது எனக்கும் சரியில்லை உங்களுக்கும் சரியில்லை என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

பிறகுதான் தோன்றியது. துப்பாக்கியை லாக்கரில் வைக்கக் கூடாது, சாவியை வைக்கலாமே! நகை லாக்கரிலேயே உறையில் போட்டு வைத்தாயிற்று. கூடவே ஒரு தாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் லைசென்ஸ் எங்கே இருக்கிறது, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையெழுத்திலேயே. ஒரிஜினல் சாவி அவர் அரைஞாணில்.

பேரன் வந்து பத்து நாளாகிறது. இரண்டாம் நாளே ஸ்டூல் போட்டு ஏறி, மேலே கைவிட்டு பீரோவைத் திறந்துவிட்டானாம். புடவைகளை எல்லாம் கலைத்து அடியில் பார்த்துவிட்டு, பாட்டி ஒளித்து வைத்த முறுக்கு டப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான்.