சந்தானவர்த்தினியின் பிறந்தகம்

"ஆறு என்பது மலையிலே பிறந்து, சமவெளியிலே தவழ்ந்து, கடலிலே கலப்பது" என்று இருபது வருஷங்களாகப் பையன்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். சுவரில் தொங்கும் படத்தில் அது ஒரு நீலக் கோடு. இவ்வளவு சுலபமான பாடத்தில் எனக்குச் சங்கடம் நேருமென்று கனவிலும் எண்ணியதில்லை.

சென்ற பங்குனியில் ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், எங்கள் ஊர்ப் பக்கம் சந்தானவர்த்தினி ஆறு போகிறது. நான் பிறந்ததிலிருந்து அதில் மணலையும் சீமைக் கருவேலையையுமே அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்கும் நீலக் கோடுதான் போட வேண்டுமா?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. "புள்ளிக் கோடு போடு" என்று சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பும்போதுதான், அந்த ஆற்றின் பிறப்பிடத்தை நானே பார்த்ததில்லை என்பது உறைத்தது. திண்டுக்கல்லில் நின்று நிமிர்ந்தால் கண்ணில் படும் சிறுமலைதான் அதன் பிறந்தகம்!

மலைக்குப் போக வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. மலைமேல் ஓடைக்கரையில் ஒரு ஏக்கர் நிலம் விலைக்கு வருவதாகவும், இருவரும் பங்காக வாங்கி, மரங்களை அகற்றி, ஒரு பங்களா கட்டி வாடகைக்கு விடலாமென்றும் என் மைத்துனர் யோசனை சொன்னார். பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கையிலிருந்தது. இரட்டிப்பாகுமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஐப்பசியில் பெருமழை விட்ட மறுநாள் இருவரும் புறப்பட்டோம்.

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம்; 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் கீழே ஊரும் மலைக்கோட்டையும் பொம்மைகள்போல் சிறுத்தன. முட்புதர்கள் மறைந்து பெருமரங்களும், அவற்றின் நிழலில் காப்பியும், மிளகும், வாழையும் தோன்றின. இந்த மலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். தோட்டங்களிலிருந்து வாழைத் தார்களைக் குதிரை முதுகில் சுமத்திக் கொண்டுவருவது இம்மலையின் வழக்கம். அப்படிக் குதிரை ஓட்டி மூப்படைந்த ஒரு பெரியவரே எங்களுக்கு வழி காட்டினார்.

சிறுமலை சிறியதானாலும் அதன் தர்மம் பெரிது. தெற்குச் சரிவில் விழும் மழை சாத்தையாறாகி, பாலமேட்டுக்கு அருகிலுள்ள அணையில் தேங்கி, கண்மாய்களை நிரப்பிக்கொண்டு மதுரைப் பக்கம் போகிறது. அது வைகையின் உறவு. மறுபக்கம் விழும் மழை சந்தானவர்த்தினியாகிக் கொடகனாற்றில் சேர்கிறது. கொடகனாறு அமராவதியிலும், அமராவதி கரூருக்கு அருகே காவிரியிலும் கலக்கின்றன. ஒரே மேகம் பொழிந்த இரண்டு துளிகள், ஒரு முகட்டின் இரு புறம் விழுந்ததனால், ஒன்று பாண்டி நாட்டுக்கும் மற்றொன்று சோழ நாட்டுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போய்விடுகின்றன!

நாங்கள் பார்க்கப் போன நிலத்தில் ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. மைத்துனருக்கு ஒரே குதூகலம். பெரியவர் மட்டும், "வாத்தியாரய்யா, மழை பெய்யுற அன்னைக்கு ஓடுறது ஓடை இல்லீங்க. மழை விட்டு ஒரு மாசம் கழிச்சும் ஓடுதே, அதுதான் ஓடை" என்றார். பிறகு மரத்தடிச் சருகைக் கைத்தடியால் கிளறினார். கீழே மண் கறுத்து, கடற்பஞ்சுபோல் நனைந்திருந்தது. அழுத்திய இடத்தில் குளிர்ந்த நீர் கசிந்தது. சற்றுத் தொலைவில் மரங்களை வெட்டிச் சமப்படுத்திச் சிமெண்டுத் தளம் போட்டிருந்த வேறொரு மனையையும் காட்டினார். முதல்நாள் மழை அங்கே தங்கவே இல்லை. செம்மண்ணை வாரிக்கொண்டு பாய்ந்துபோன தடம் மாத்திரம் இருந்தது. தளத்துக்கு வெளியே தடியை ஊன்றினார். கட்டாந்தரையில் 'டங்' என்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என் நெஞ்சில் விழுந்தது. ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய நூலில், நிலக்கரியையும் எண்ணெயையும்போல் எடுக்க எடுக்கக் குறையும் செல்வம் வேறு, ஓடும் நீரையும் வளரும் காட்டையும்போல் நாள்தோறும் புதிதாய்ப் பெருகும் செல்வம் வேறு என்று பிரித்துக் காட்டினார். பெருகும் செல்வத்தையும் சுரங்கம்போல் தோண்டித் தீர்க்கலாம் என்பதற்கு அந்த மனையே சாட்சி. பையன் மணலாகக் கண்ட ஆற்றில் கீழே மணல் அள்ளினவர்களுக்கும், கிணறுகளை ஆழ்துளைகளாக்கிய நமக்கும் பங்குண்டு. ஆனால் மேலே ஊற்றுக் கண்ணை மூடும் பாவத்துக்கு நானே முன்பணம் கொடுக்கப் போகிறேனே!

இறங்கும்போது மைத்துனரிடம் என் முடிவைச் சொன்னேன். "அத்தான், நாம் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான், ஆறு அதனால் பிழைத்துவிடுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறு மாதமே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பெண்ணின் கல்யாணப் பணம் வளராமல் வங்கியில் அப்படியே கிடக்கிறது. "கிடக்கட்டும், குறையாமல் இருக்கிறதே" என்றாள் என் மனைவி.

சந்தானவர்த்தினி என்றால் சந்ததியைப் பெருக்குபவள் என்று பொருள். இப்பொழுது இந்தப் பெயரிலிருந்துதான் ஆற்றுப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். மார்கழியில் அந்தப் பையனைத் தந்தையாரின் அனுமதியோடு மலைக்கு அழைத்துப் போனேன். மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நிழலுள்ள இடத்தில் ஓடை மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து இரு கைகளாலும் அள்ளிக் குடித்தான். பள்ளிக்கூடம் திரும்பியதும் படத்தை எடுத்து மலைப்பகுதியில் மாத்திரம் நீலக் கோடு இழுத்து, கீழே புள்ளி வைத்தான்.

"இந்தப் புள்ளிகளை எப்பொழுது ஸார் சேர்த்துக் கோடாக்கலாம்?" என்று கேட்டான்.

பரீட்சையில் வராத கேள்விதான். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.