நாங்கள் நாலு பேர் போன டூர்

‘டூர்’ என்றதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வரும்? ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, நம் வகுப்பு போய் வந்த பெங்களூர்... ஆனால் நான் எழுதப்போவது அந்த டூரைப் பற்றி அல்ல. அந்த டூருக்குப் போகாத நாலு பேர் போன டூரைப் பற்றி!

வகுப்பில் பெயர் கொடுக்கச் சொன்ன அன்று ஒருவன் “அக்காவுக்குக் கல்யாணம்” என்றான். ஒருவன் “பஸ்ல போனா வாந்தி வரும்” என்றான். இன்னொருவன் பதிலே சொல்லவில்லை. நான் “பெங்களூர் ஏற்கெனவே பார்த்தாச்சு சார்” என்றேன். உண்மையில் நான் மதுரையைத் தாண்டியதில்லை. நாலு பேருக்கும் காரணம் ஒன்றுதான். அதை எழுதித்தான் தெரிய வேண்டுமா என்ன?

வகுப்பு பெங்களூர் போய்விட்டது. காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நாங்கள் நாலு பேர். அப்போதுதான் ‘பேப்பர்’ சொன்னான்: “ஏலே, நாமளும் ஒரு டூர் போவோம். ஆளுக்கு முந்நூறு ரூபா. காலைல போய் ராத்திரி வந்திரணும்.” (டீக்கடையில் பேப்பரைக் கடைசி வரி வரை படிப்பவன். அதனால் அந்தப் பெயர்.) மற்ற இருவர் ‘ஸ்கேல்’, ‘கழுகு’. ஒருவன் உயரம், ஒருவன் கழுகுமலைக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கரன்கோவிலில் பஸ் ஏறினோம். முதல் இடம் கழுகுமலை. கழுகு வாசலிலேயே காத்திருந்தான். அவன் வீட்டில் இட்லி. அந்த வகையில் முதல் மிச்சம்!

வெட்டுவான் கோவில்

கழுகுமலை நமக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் சிவில் படிக்க ஆரம்பித்த பிறகு பார்த்தால் அது வேறு மலை. 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மலையில் மூன்று பக்கமும் சுமார் 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நிற்கும் ஒற்றைப் பாறையைக் கோவிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாம் அஸ்திவாரம் போட்டு மேலே போவோம். அவர்கள் கோபுரத்தில் ஆரம்பித்துக் கீழே வந்திருக்கிறார்கள். அளவு தப்பினால் சிமெண்ட் வைத்துப் பூசவா முடியும்? விமானம் முடிந்திருக்கிறது. கீழ்ப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்குக் கழுகு ஒரு ஊர்க்கதை சொன்னான். கீழே முருகன் கோவிலை அப்பா கட்டிக்கொண்டிருந்தாராம். மேலே இதை மகன் செதுக்கினானாம். மகன் வேலை தன் வேலையை மிஞ்சிவிடும் என்று தெரிந்ததும் அப்பாவே மகனைக் கொன்றுவிட்டாராம்.

“என்ன மனுசன்லே அவன்!” என்றான் ஸ்கேல். பிறகு கோவிலை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “ஏலே, ஒங்கப்பா கான்ட்ராக்டர்தானே? இதுக்கு ஒரு எஸ்டிமேட் போடச் சொல்லு பாப்போம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் வருஷம் சேர்ந்த புதிதில் “அப்பா என்ன பண்றாங்க?” என்று கேட்டபோது, “பில்டிங் வேலை” என்று சொன்னேன். அது பொய் இல்லை. “கான்ட்ராக்டரா?” என்று கேட்டார்கள். நான் “இல்லை” என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு ‘இல்லை’யைச் சொல்லாததால் ரெண்டு வருஷமாக ஒரு நண்பனையும் மேலநீலிதநல்லூருக்குக் கூட்டிப் போனதில்லை.

எட்டயபுரம், ஓட்டப்பிடாரம்

கோவில்பட்டியில் பஸ் மாறும்போது கடலைமிட்டாய் வாங்கினோம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று பேப்பர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாக்கெட் காலி.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும், 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தையும் பார்த்தோம். காட்டிக் கொடுப்பவனை ‘எட்டப்பன்’ என்று ஹாஸ்டலில் திட்டுகிறோம். அதே எட்டயபுரத்தில்தான் 1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்தான். ஒரு ஊருக்கு ஒரே முகம்தான் என்று யார் சொன்னது?

அடுத்து ஓட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த வீடு. பேப்பர் அங்கே ஒரு கணக்குச் சொன்னான். பானர்மேன் என்ற வெள்ளைக்கார மேஜர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. அதே செப்டம்பர் 5-ல், 73 வருஷம் கழித்து, கோட்டைக்குக் கொஞ்ச தூரத்திலேயே வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விடப்போகிற பிள்ளை பிறந்திருக்கிறான்! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“இவ்வளவுதானா கோட்டை?”

பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேரும்போது நல்ல வெயில். இப்போது நாம் பார்க்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. உள்ளே சுவர் முழுக்க கட்டபொம்மன் வரலாறு ஓவியமாக இருக்கிறது. பக்கத்தில் ஜக்கம்மா கோவில்.

ஸ்கேலுக்குத் திருப்தி இல்லை. “சினிமால எம்புட்டுப் பெருசாக் காட்டுனான்!” என்றான். பழைய கோட்டை எங்கே என்று கேட்டு அந்தப் பக்கம் போனோம். அடித்தளத்தின் மிச்சங்களைத்தான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மற்றபடி வெறும் தரை. 1801-ல் கோட்டையைப் பிடித்த பிறகு வெள்ளைக்காரன் அதை இடித்துத் தரைமட்டமாக்கினான். உழுது ஆமணக்கு விதைத்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் கோட்டையின் அளவைக் கொடுத்திருக்கிறார். பேப்பர் நோட்டில் குறித்து வந்திருந்தான். இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. சுவர் உயரம் ஏறத்தாழ 12 அடி. முழுக்க முழுக்க மண்!

ஐந்நூறும் முந்நூறும் பெருக்கினேன். மூன்றரை ஏக்கர்கூட வரவில்லை.

“மண்ணா?” என்றான் ஸ்கேல். “கருங்கல் இல்லையா? அப்ப நம்ம ஊரு மாட்டுத்தொழுவம் மாதிரில்லா இருந்திருக்கும்!”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் வீடு மண் சுவர்.

என்ன வேகத்தில் பேச ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. “மண்ணுன்னா எளக்காரமாலே? கல்லுச் சுவத்துல குண்டு விழுந்தா கல்லு ஒடஞ்சு சிதறும். மண்ணுச் சுவத்துல விழுந்தா குண்டு உள்ள பொதைஞ்சு போகும். கண்ட மண்ணுலயும் சுவரு வைக்க முடியாது. தனிக் கரிசல்ல வச்சா மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். செம்மண்ணும் சரளையும் சேக்கணும். வைக்கோலை வெட்டிப் போட்டுத் தண்ணி விட்டு ஊறவைக்கணும். காலால மிதிக்கணும். ஒரு முழ உசரம் வச்சிட்டுக் காயவிடணும். காய்ஞ்ச பெறவுதான் அடுத்த அடுக்கு. அடி அகலமா, மேல போகப் போக ஒடுக்கமா...”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். “இதெல்லாம் எந்த புக்குல இருக்கு?” என்று கேட்டான் பேப்பர்.

“புக்குல இல்ல. எங்கப்பா மண்ணுச் சுவரு வைக்கிற ஆளு. இப்ப அந்த வேலை இல்ல. சித்தாள் வேலைக்குப் போறாரு.”

சொல்லிவிட்டேன். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேல் என் தோளில் கை போட்டான். “எங்கப்பா மூடை தூக்குதாரு” என்றான். நாலு பேரில் ஒருவனுக்கும் கான்ட்ராக்டர் அப்பா இல்லை!

கயத்தாறும் கடைசி பஸ்ஸும்

இரண்டு பஸ் மாறிக் கயத்தாறு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் இடம் வாங்கி நிறுவிய கட்டபொம்மன் சிலை இங்கே நிற்கிறது. சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றோம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பஸ்ஸும் போய்விட்டது!

பிறகு ஒரு லோடு வண்டியில் கெஞ்சி ஏறித் தேவர்குளம். அங்கிருந்து இன்னொரு வண்டி. மேலநீலிதநல்லூரில் இறங்கும்போது மணி பத்தரை. சங்கரன்கோவிலுக்கு அதற்கு மேல் எப்படிப் போவது? மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எங்கள் தெருவைப் பார்த்தேன்.

“வாங்கலே, வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

அப்பா போட்ட எஸ்டிமேட்

அம்மா பதறிப்போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். “வாங்கய்யா, வாங்க. சொல்லிருந்தா ஒரு கொழம்பு வச்சிருப்பேனே” என்று சொல்லிச் சொல்லியே சுடுசோறும் ரசமும் கருவாடும் போட்டாள். ஸ்கேல் எங்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். வெளியே வெக்கை, உள்ளே குளுமை. “ஃபேன் இல்லாமலே ஜில்லுன்னு இருக்கே!” என்றான். சும்மா சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னான்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கோவில், மணிமண்டபம், சிலை எதிலும் அவர் நிற்கவில்லை. மண் கோட்டை என்றதும் நிமிர்ந்தார்.

“சுவரு எத்தன அடி கனம்?”

எங்களிடம் பதில் இல்லை. நீளம், அகலம், உயரம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. சுவரின் கனத்தைக் கேட்கவேண்டும் என்று சிவில் படிக்கிற நாலு பேருக்கும் தோன்றவில்லை!

பேப்பர் பேச்சை மாற்றினான். “அண்ணன் தூக்குல போன பெறகு ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்தாரு. 1801 பிப்ரவரி 2-ல தப்பிச்சு வந்து, ஆறே நாள்ல கோட்டைய மறுபடி எழுப்பிட்டாராம். வெள்ளைக்காரன் வந்து பார்த்து அசந்துட்டானாம். மே 24 வரைக்கும் அவனால பிடிக்க முடியல.”

“ஆறு நாளா?” அப்பா எழுந்துவிட்டார். “புதுச் சுவரா இருக்காது தம்பி. ஒரு அடுக்கு காயவே ரெண்டு நாளு ஆகுமே. பழைய சுவரு இடிச்சது போக அடியில கெடந்திருக்கும். அது மேல ஏத்திருப்பாங்க. சரி, முழுசாவே வச்சதா வச்சுக்கோ. பன்னெண்டு அடி உசரம்னா அடியில ஆறு அடி, மேல ரெண்டு அடி வேணும். நீ கணக்குப் போடு.”

அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் போட்டேன். சராசரி கனம் 4 அடி. சுற்றளவு 1,600 அடி. உயரம் 12. மொத்தம் 76,800 கன அடி.

“ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தன கன அடி வைக்க முடியும்ப்பா?”

அவர் கன அடியில் யோசிப்பவர் இல்லை. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கையை விரித்து ஒரு அளவு காட்டினார். மண் வெட்டி, தண்ணி சுமந்து, மிதிச்சு, ஏத்தி வைக்க இவ்வளவுதான் முடியும் என்றார். நான் டேப்பில் அளந்தேன். சுமார் 20 கன அடி.

76,800-ஐ 20-ஆல் வகுத்தால் 3,840. அதை ஆறு நாளுக்குப் பிரித்தால் 640.

“அறுநூத்தி நாப்பது பேருப்பா!”

அப்பா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியிருப்பது அவருக்குப் புரியாது. ஆனாலும் பார்த்தார். “ராத்திரி பகலா மிதிச்சிருப்பாங்க” என்றார். “அவங்க பேரெல்லாம் அங்க எழுதிப் போட்டிருக்கா?”

“இல்லப்பா.”

“கால்ல வெடிப்பு வந்திருக்குமே” என்றார்.

நான் அவர் காலைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற கால்தான்.

ஸ்கேல் மெதுவாக என் காதில் சொன்னான்: “காலைல கேட்டேன்லாலே? ஒங்கப்பா எஸ்டிமேட் போட்டுட்டாருலே.”

நண்பர்களே! இந்தக் கணக்கு சரியா என்று சரித்திர ஆசிரியர்கள்தான் சொல்லவேண்டும். எங்கள் கையில் இருந்தது ஒரு அடுப்புக்கரியும் ஒரு வேலைக்காரரின் அனுபவமும்தான். ஆனால் கழுகுமலைக் கதையில் வரும் அப்பாவை நினைத்துக்கொண்டே அன்று ராத்திரி படுத்திருந்தேன். மகன் தன்னை மிஞ்சிவிடக் கூடாது என்று நினைத்த அப்பா அவர். மகன் தன்னை மிஞ்சவேண்டும் என்று சித்தாள் வேலைக்குப் போகிறவர் என் அப்பா. அவரைப் போய் ரெண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தேனே!

பெங்களூர் போனவர்கள் நிறைய போட்டோ கொண்டு வந்தார்கள். பார்த்தேன், நன்றாக இருந்தது. எங்களுக்கும் அடுத்த டூர் முடிவாகிவிட்டது. மறுபடியும் பாஞ்சாலங்குறிச்சிதான். இந்த முறை டேப்போடு போகிறோம். அப்பாவும் வருகிறார்.

உங்களில் யாராவது பெயர் கொடுக்க விரும்பினால் இரண்டாம் ஆண்டு சிவில் வகுப்புக்கு வாருங்கள். கட்டணம் ஆளுக்கு முந்நூறு ரூபாய். ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்!

— இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு