அம்மா ஏன் படிக்கட்டில் இருந்து கதைத்தார்?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவோடு அம்மா கதைப்பது இரவு ஒன்பது மணிக்குத்தான். கோடை காலத்தில் ஸ்காபரோவில் இரவு 9 என்றால் அங்கே மறுநாள் காலை 6.30. பெரியம்மா தேத்தண்ணியோடு ஃபோனுக்கு முன்னால் வந்து இருப்பார்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டில் தங்கினேன். இரவு தண்ணீர் குடிக்க எழும்பிப் போனால், அம்மா படிக்கட்டில் இருந்து வீடியோ கோல் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா இங்க இருக்கிறீங்கள்?"

"மேல அறையில பெரியம்மாவின்ர முகம் அப்பிடியே நிண்டு போகுது தம்பி. இங்கதான் கொஞ்சம் வடிவாத் தெரியும்."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். இரண்டு வருடமாம். அப்பா பக்கத்து அறையிலிருந்து சொன்னார்: "அதுக்குத்தான் பிளானை 100 இலயிருந்து 500க்கு மாத்தினனான். வாசலுக்கு வந்த பெடியன் வேகத்தைக் கூட்டினால் சரிவரும் எண்டான். மாசம் 30 டொலர் கூட. ஒண்டும் மாறேல்லை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா?"

"நீ வேலையாய் இருப்பாய் எண்டுதான்."

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. 24 மாதம், 720 டொலர். அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

குற்ற உணர்ச்சியில் முதலில் செய்தது முட்டாள்தனம். சிலந்தி மாதிரி எட்டு ஆன்டெனா வைத்த விலை கூடிய ரவுட்டர் ஒன்றை ஆன்லைனில் தெரிவு செய்தேன். பணம் கட்டப் போகும்போதுதான் வாடிக்கையாளர்களுக்கு நான் தினமும் சொல்வது ஞாபகம் வந்தது: முதலில் அளந்து பார், பிறகு வாங்கு.

காலையில் லாப்டாப்பையும் ஒரு நெட்வொர்க் கேபிளையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். மூன்று இடத்தில் வேகத்தை அளந்தேன்.

மோடத்தில் நேரடியாகக் கேபிள் போட்டால் 510 எம்பிபிஎஸ். ஆக, கம்பெனி தர வேண்டியதைத் தருகிறது.

ரவுட்டரில் கேபிள் போட்டால் 94. இந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பழைய ரவுட்டர், அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே விடும். அதில் கைக்கு வருவது ஏறத்தாழ 94 தான். வாசலில் 500 வந்தாலும் ஆயிரம் வந்தாலும் உள்ளே வருவது அதே 94. தாங்கியைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய குழாயை அப்படியே விட்ட கதை.

அம்மாவின் அறையில், வைஃபையில் 3. சில நேரம் 1. ரவுட்டர் இருந்தது பேஸ்மென்டில், ஃபர்னஸுக்குப் பக்கத்தில், தகரக் குழாய்களுக்கு நடுவில். அங்கிருந்து இரண்டு தளம் தாண்டி சிக்னல் மேலே போக வேண்டும். நல்ல வீடியோ கோலுக்குப் போக வர 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். அதுகூட அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

வரவேற்பறையில் டிவிக்குப் பின்னால் ஒரு கேபிள் இணைப்பு சும்மா கிடந்தது. மோடத்தையும் அதே பழைய ரவுட்டரையும் அங்கே கொண்டுவந்து வைத்தேன். அம்மாவின் அறையில் 40 வந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

பிறகுதான் ரவுட்டர் வாங்கினோம். பழையதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடம். அதற்காகவே மாற்ற வேண்டும். வாங்கியது சாதாரண வைஃபை 6 ரவுட்டர், நூறு டொலருக்குள். பிளானை மீண்டும் 100க்கு இறக்கினோம். தங்கச்சி 4கே படம் பார்க்க, அம்மா கோல் கதைக்க, அப்பா செய்தி பார்க்க அது தாராளம்.

உங்கள் வீட்டுக்கு ரவுட்டர் வாங்கப் போனால் முதலில் பிளானைப் பாருங்கள். 900 வரைக்குமான பிளானுக்கு கிகாபிட் போர்ட் போதும். 1.5 கிகாபிட் பிளான் என்றால் 2.5 கிகாபிட் போர்ட் வேண்டும், இல்லாவிட்டால் காசு வீண். பெட்டியில் AX3000 என்று போட்டிருப்பது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய கணக்கு (574 + 2402). ஒரு ஃபோனுக்கு அது முழுவதும் கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவர்களில் களைத்துவிடும். 2.4 மெதுவாகப் போனாலும் தூரம் போகும். வீட்டின் நடுவில் வைத்தும் ஒரு மூலைக்கு எட்டவில்லை என்றால் மட்டும் மெஷ் வாங்குங்கள். இரண்டாவது பெட்டியை சிக்னல் இல்லாத அறைக்குள் வைக்காமல், பாதி வழியில் வையுங்கள்.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அம்மா அப்பா எந்த இடத்தில் இருந்து ஃபோன் கதைக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அன்று இரவு அம்மா தன் கட்டிலில் சாய்ந்துகொண்டு கோல் எடுத்தார். நான் கதவடியில் நின்றேன். பெரியம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது:

"என்னடி, இண்டைக்குப் படிக்கட்டைக் காணேல்லை?"

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் எனக்குத் தெரிய இரண்டு வருடம் எடுத்தது.