பந்தில்லாத பக்கம்

ஆட்டக்காரர்களைத் தேர்வுசெய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் எனக்கு முதலில் கொடுத்த வேலை டேப் பிடிப்பது. தொழில்முறை கூடைப்பந்து லீக்கில் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கவிருந்த பையன்களை ராஜபாளையத்து மைதானச் சுவரோரம் நிறுத்தி, கைகளை விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளப்போம். "உயரத்தை எல்லாரும் பாப்பாங்க தம்பி. டிஃபென்ஸ் ஆடுறவனுக்குக் கையைப் பாரு" என்பார்.

என் கண்ணும் உயரத்தில்தான் நின்றிருந்தது. ஏழடி தாண்டிய சத்னாம் சிங்கை 2015 என்.பி.ஏ. டிராஃப்டில் 52-ஆவது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் எடுத்ததிலிருந்து எனக்கு நெட்டையான பையன்கள்தான் கனவு. அப்படி ஒருவன் ஒரே ஆட்டத்தில் நாலைந்து ஷாட்டைத் தட்டிவிட்டான். நோட்டில் அவன் பெயருக்கு அடிக்கோடு போட்டேன். மாஸ்டர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எதிராளி பந்தைத் தூக்குவதுபோல் பாவலா காட்டினாலே இவன் குதித்துவிடுகிறான். கால் தரைக்கு வருவதற்குள் அவன் பக்கவாட்டில் புகுந்து கூடைக்குப் போய்விடுகிறான். தட்டியதை எண்ணினேனே தவிர, விட்டதை எண்ணவில்லை.

பிறகு ஸ்டான்ஸ். அதை என் உடம்பிலேயே கற்றுக்கொடுத்தார். முழங்கால் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பாரத்தை முன்பாதத்தில் வைத்து நிற்கச் சொல்லி, முதுகில் உள்ளங்கையை அழுத்தினார். சீக்கிரமே தொடை எரிந்தது. "கடைசி குவார்ட்டர்ல எவன் இடுப்பு ஏறலையோ அவனை எழுதிக்கோ." ஷூட்டரை நோக்கி ஓடிவந்து, கடைசி எட்டுகளைக் குறுக்கி, கையை உயர்த்தி நிற்பது க்ளோஸ்-அவுட். அதைக் காதாலும் அறியலாம்: சிமெண்ட் தரையில் மணல் சரசரவென்று உரசினால் கால் அடங்குகிறது; ஒரே இழுப்பாகச் சறுக்கினால் அவனைத் தாண்டிப் போய்விடலாம்.

எனக்கு வெகுநாள் பிடிபடாதது ஹெல்ப்: சக ஆட்டக்காரனைத் தாண்டி வருபவனை மறுபக்கத்திலிருந்து வந்து அடைப்பது. ஒரு குவார்ட்டர், பத்து நிமிடம், பந்தைப் பார்க்கவே கூடாது என்றார். என்னால் முடியவில்லை. கூட்டம் கத்தினால் கண் பந்துக்கு ஓடிவிடும். மறுபக்கம் நின்ற பையன் எப்போது நகர்ந்தான் என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. வாரக்கணக்கில் இதே கதை. மனம் சோர்ந்தபோது பென் வாலஸைப் பற்றிச் சொன்னார்: 1996 டிராஃப்டில் எந்த அணியும் சீண்டாத அவர், பிற்பாடு நான்கு முறை என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர். "அன்னைக்கு இருந்த தேர்வாளர்களுக்கும் கண்ணு இருந்துச்சுல்ல?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாலை ஆட்டம். எதிரணியின் நல்ல ஷூட்டர் பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான், பாஸ் வரவில்லை. ஏனென்று பார்த்தேன். பாஸ் வரும் வழியில் ஓர் ஒல்லிப் பையனின் கை நீண்டிருந்தது. எதிரணியில் ஒருவன் உள்ளே பாய்ந்ததும், அந்த ஒல்லிப் பையன் சக ஆட்டக்காரனை உரக்க எச்சரித்துவிட்டு, பந்து கைமாறும் முன்பே வழியில் போய் நின்றான். அவன் கணக்கில் ஒரு ஸ்டீலோ பிளாக்கோ ஏறவில்லை. அந்தக் குவார்ட்டரில் பந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவனைப் பற்றிய அறிக்கையை நானே எழுதினேன். கை, உயரத்தைவிட நீளம். இரண்டு பொசிஷனைத் தடுப்பான். பேசிக்கொண்டே ஆடுகிறான். தூர ஷாட் இன்னும் வரவில்லை; ஃப்ரீ த்ரோவில் மணிக்கட்டு ஒழுங்காக மடங்குவதால் பழக்கினால் வரும். மாஸ்டர் "அபாரமான" என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.