தார்ப் பரல் மட்கார்ட்

பழைய கார் ஒன்றைத் திருத்துகிறேன் என்று இணுவிலில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "எஞ்சின் ஓடுதோ?" என்பதுதான். உண்மையில் எஞ்சின் பெரிய பிரச்சினையே இல்லை. மொறிஸ் மைனரில் இருக்கிற ஏ சீரிஸ் எஞ்சின் மினியிலும், வேறு பல கார்களிலும் இருந்தது. சாமான் எப்படியோ கிடைத்துவிடும். ஆளைக் கொல்லுறது பொடிதான்.

எங்களிடம் இருப்பது அப்பப்பாவின் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு வண்டி. மைனர் 1948 முதல் 1971 வரை, பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தகடு தேடப் போனால்தான் வித்தியாசம் விளங்கும். 1956க்கு முந்தியதில் முன்கண்ணாடி இரண்டு துண்டு, அதற்குப் பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. 1961 வரை திரும்பும் சிக்னலுக்கு, கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். அந்தத் தூணிலேயே அதற்கான வெட்டு இருக்கும். 1963இல் முன் சைற் லைற் பெரிதானது. அதற்குப் பிந்திய மட்கார்ட்டைக் கொண்டுவந்து எங்கள் காரில் பூட்டினால் பூட்டுப்படும், ஆனால் ஓட்டை பொருந்தாது.

ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவதற்கு முதல் காரின் ஆண்டை உறுதிப்படுத்துங்கோ. புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் செசி நம்பர் தட்டையும் பாருங்கோ. பிறகு ஒரு காந்தத்தை எடுத்துப் பொடி முழுக்க வைத்துப் பாருங்கோ. அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கு. எங்கள் காரில் அப்படிப் பல இடம்.

ரிங்கரிங் வேலை செய்கிற ஐயா ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வெளித்தகட்டைத் தொடவே இல்லை. கீழே படுத்து, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார்.

"தம்பி, மட்கார்ட்டைப் பற்றி யோசியாதையும். அது நட்டிலை பூட்டினது, எப்பவும் கழட்டலாம். கறள் உள்ளுக்கைதான் தின்னும்."

அவர் சொன்னது சரி. மைனருக்குத் தனிச் செசி கிடையாது, பொடியே செசி. முன் சில்லுகளின் பாரத்தைத் தாங்குகிற ரோர்ஷன் பார் வந்து முடிகிறது முன் சீற்றுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில். அதுவும், கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற பெட்டித் தகடும், பின் வில்லுகள் தொங்குகிற இடமும் உக்கினால் கார் நடுவில் தொய்யும். கதவு இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் இருந்தால் தொய்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெட்டுவதற்கு முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தகடு ஒட்டின பிறகு கதவு சாத்துப்படாது.

இந்த உள்தகடுகளில் விட்டுக்கொடுப்பு இல்லை. சரியான தடிப்பு, சரியான வடிவம். இங்கிலாந்திலிருந்தோ, உக்காத இன்னொரு மைனரிலிருந்தோ எடுக்கத்தான் வேணும்.

என்னை யோசிக்க வைத்தது இடது முன் மட்கார்ட். அது இங்கிலாந்துத் தகடு இல்லை. தொண்ணூறுகளில் தார்ப் பரலை வெட்டி, விரித்து, மரக்குற்றியில் வைத்து அடித்துச் செய்தது. பாதை பூட்டு, பெற்றோல் தடை, இரும்புத் தடை. கொஞ்சப் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். வலது பக்கத்தோடு ஒப்பிட்டால் வளைவு கொஞ்சம் தட்டை. உள்ளே சுத்தியல் அடித்த தழும்பு விரலில் படும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதே தொண்ணூறுகளில் இதே தீவின் தெற்கில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், இலங்கைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்று ஒன்றைத் தொடங்கினார். மைனர் தகடுகளை இங்கே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். இலங்கையில் அடித்த தகடு கடல் கடந்து போயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வர வழியில்லை.

இப்போது வழி இருக்கு. வெளிநாட்டில் இருக்கிற மாமா, "புது மட்கார்ட் அனுப்பிவிடவோ?" என்று கேட்டார். கண்காட்சிக்கு விடுகிறவர்கள் அதைத்தான் சரி என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பிழையான கணக்கும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் இந்தக் காரின் வயது 1959ஓடு நின்றுவிடும். அதற்குப் பிறகு அது எங்கே, எப்படிச் சீவித்தது என்பதற்கு வேறு சாட்சி எங்களிடம் இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் இடம்பெயர்வில் போயிட்டுது.

மாமாவிடம் குறுக்குச் சட்டமும் வில்லு தொங்குகிற தகடுகளும் அனுப்பச் சொன்னேன். மட்கார்ட்டைக் கழற்றி, உள்பக்கக் கறளைச் சுரண்டி, பிரைமர் அடித்து, புது பீடிங் ரப்பர் வைத்துத் திரும்பப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். உயிரைத் தாங்குகிற தகடு தொழிற்சாலை அளவுக்குச் சரியாக இருக்கட்டும். வெளித்தகடு இந்த ஊருக்குச் சரியாக இருந்தால் போதும். பட்டி போட்டுச் சமப்படுத்தவோ என்று ஐயா கேட்டார். வேண்டாம், பெயின்ற் மட்டும் அடியுங்கோ என்றேன்.