தொம்மலூர் வானம்

பெங்களூரில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் தொம்மலூரை ஒரு மேம்பாலமாகவே அறிவர். பேருந்தில் அமர்ந்தபடியே அதனைக் கடந்து விடுவர். இறங்கி நடந்து காண்போர் மிகச் சிலர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து, இன்றும் அங்கிருந்தே புகைவண்டி நிலையப் பார்சல் அலுவலகத்துக்கு நாள்தோறும் சென்று வரும் நாமுங்கூட, சென்ற தை மாதம் வரையில் அவ்வூரைச் சரிவர அறிந்தோமில்லை. அதனை நமக்கு உணர்த்தியது, நம் வீட்டுக்கு வந்து சேராமலே போன ஒரு சிறு கருவி.

நம் தமையனாரின் மகன் ஜெர்மனியில் மூனிக் நகரில் பணி புரிகிறான். விடுமுறைக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, என்னிடம் சிறிய டிரோன் ஒன்று இருக்கிறது. கால் கிலோ எடைகூட இல்லை; படமும் எடுக்கும். நம் வீட்டையும் கோயிலையும் தாத்தா வேலைக்குச் சென்ற வழியையும் மேலிருந்து படமெடுத்துப் பாட்டிக்குக் காட்டலாமா?" என்று கேட்டான்.

நம் அன்னையாருக்கு அகவை எழுபத்தெட்டு. முழங்கால் வலியால் படி இறங்குவதும் அரிதாகி விட்டது. விமானத்தில் ஒருமுறையும் ஏறியதில்லை. ஆனால் அவர் குடும்பம் நடத்தியதோ விமானத்தால் வந்த ஊதியத்தில்! 1940ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரால் தொடங்கப்பெற்று, இன்று எச்.ஏ.எல். என வழங்கும் தொழிற்சாலையில் நம் தந்தையார் பிட்டராக உழைத்தார். விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு கிழக்கே செல்வார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் சென்ற அந்த வழியை ஒருமுறை முழுமையாகக் காண வேண்டுமென்பது அன்னையாரின் ஆசை.

"தாராளமாகக் கொண்டு வா" என்று விடை பகர்ந்தோம். எந்தப் பொருளை அனுப்பலாம், எதனை அனுப்பலாகாது என்று பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதே நம் தொழில். விதியைப் பாராமல் மூட்டை கொண்டு வருவோரைக் கடிந்து கொள்ளவும் செய்கிறோம். அத்தகைய நாம், விதி யாதென ஒரு கணமும் ஆராயாமல் வாக்குக் கொடுத்து விட்டோம்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், அயல்நாட்டு டிரோன்களின் இறக்குமதியை இந்திய அரசு தடை செய்தது. ஆராய்ச்சி, நாட்டுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. எடை குறைவென்பதால் தடை நீங்குவதில்லை. இதனைப் பையன் வழியில் உடன் பயணம் செய்த ஒருவர் வாயிலாகத்தான் அறிந்தான். மறைத்துக் கொண்டு வர அவன் மனம் ஒப்பவில்லை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கியதும் சுங்கத்தாரிடம் தானே அறிவித்தான். உள்ளதை உள்ளபடி அறிவிக்கும் பயணி வேண்டிக்கொண்டால், தடை செய்யப்பட்ட பொருளை வாங்கி வைத்து, அவர் நாட்டை விட்டுச் செல்கையில் திருப்பித் தருவதற்கு 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவில் இடமளிக்கிறது. அவ்வாறே வைத்துக் கொண்டனர். பாட்டியை வணங்கியபோது அவன் சட்டைப் பையில் இருந்தது ஒரு ரசீதுதான். நாம் அன்னையாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு சொக்கநாத சுவாமி கோயிலுக்குச் சென்றோம். பெயரைக் கேட்டுச் சிவன் கோயிலென எண்ண வேண்டா. உள்ளே எழுந்தருளியிருப்பவர் சொக்கப் பெருமாள். சோழர் காலத்துக் கோயிலென்பர். அங்குள்ள பழங்கற்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துக்களைக் காணலாம். தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அக்காலத்தில் இவ்வூர் வழங்கிற்று. கதவு நிலைகளை அளித்த ஒருவரின் கொடையை ஒரு கல் கூறும். ஊர் வருவாயிலிருந்து கோயிலுக்கு ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் அளித்ததை மற்றொரு கல் கூறும். அம்மன்னன் திருச்சிக்கு அருகே, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டவன். பிழைப்பைத் தேடித் திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கு வந்தவர் நம் பாட்டனார். தமக்கு எழுநூறு ஆண்டுகள் முன்னரே தம் மொழி இங்கு வந்து கல்லில் அமர்ந்திருந்ததை அவர் அறிந்தாரோ, இல்லையோ! பையன் எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தான். "மேலிருந்து எடுத்திருந்தால் இது தெரிந்திராது, சித்தப்பா" என்றான்.

கோயில் திண்ணையில் அமர்ந்து, இரு நாட்டு வான விதிகளையும் ஒப்பிட்டுப் பேசினோம். ஐரோப்பா செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகி வருவதால் அவற்றைச் சுருக்கமாக எழுதுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் முதல் பொது விதிகள் நடைமுறைக்கு வந்தன. கால் கிலோவுக்குக் குறைந்த கருவியாயினும், படக்கருவி பொருத்தியதாயின், பறக்க விடுபவர் தம்மைப் பதிவு செய்து கொண்டு, அப்பதிவெண்ணைக் கருவியின்மேல் ஒட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயணி தாம் முதலில் பறக்க விடும் உறுப்பு நாட்டில் பதிந்து கொண்டால், அப்பதிவு ஏனைய உறுப்பு நாடுகளிலும் செல்லும். பிரிட்டன் இவ்வமைப்பில் இல்லை. அங்கு தனி விதி. தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேற்படலாகாது. கருவி கண்ணுக்குப் புலப்பட வேண்டும். மக்கள் கூட்டத்தின் மேல் செலுத்தலாகாது. இவற்றோடு ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தடைப் பகுதிகளை வகுத்துள்ளது. ஜெர்மனியில் காப்புறுதி கட்டாயம். இருப்புப் பாதையை நெருங்கிப் பறக்க விடுவதற்கும் அங்கே கட்டுப்பாடுகள் உண்டென்று அவன் கூறியபோது, நமக்கு உள்ளூர மகிழ்ச்சி!

நம் நாட்டிலோ 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியான டிரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுத்தன. புகைவண்டிக்காரருக்கு இது எளிதில் விளங்கும். பச்சைப் பகுதியில் 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டா. மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி இயலாது. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் பச்சை என்பதே இல்லை. விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம்.

பயணிகள் விமானங்கள் 2008ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளிக்குப் பெயர்ந்தன. அதனால் எச்.ஏ.எல். நிலையம் மூடப்பட்டதாகச் சிலர் கருதுகின்றனர். படை விமானங்களும் சோதனை விமானங்களும் தனியார் விமானங்களும் இன்றும் அங்கே ஏறி இறங்குகின்றன. தொம்மலூரோ அந்த எட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கிய ஊர். கருவி வீடு வந்து சேர்ந்திருந்தாலும், கேளாமல் அதனை மொட்டை மாடியிலிருந்து எழுப்பியிருக்க முடியாது. நாம் கொடுத்த வாக்கு இருமுறை பிழையானது.

மாலையில் இருவருமாக அன்னையாரை நாற்காலியில் அமர்த்தி மாடிக்குத் தூக்கிச் சென்றோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார்.

"உன் அப்பா இருந்திருந்தால் அதைப் பறக்க விட்டிருப்பாரா? உன் அண்ணன் இந்த மாடியில் பட்டம் விட்டபோது நூலையே அறுத்துப் போட்டார். 'மேலே ஒருவன் விமானத்தோடு வருகிறான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்றார். உன் அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை" என்றார்.

இக்கதையை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. பையனும் கேட்டதில்லை, அவன் தந்தையும் அவனுக்குச் சொன்னதில்லை.

பிறகு அன்னையார் கிழக்கே கையை நீட்டினார். கட்டடங்கள் மறைத்திருந்தன, எனினும் தந்தையார் மிதிவண்டியை எங்கே திருப்புவார், மழை நாளில் எங்கே ஒதுங்குவார் என ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். பையன் அவர் அருகே அமர்ந்து அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து கொண்டான். அவ்வேளையில் அத்திசையிலிருந்தே ஒரு விமானம் எழுந்து தலைக்கு மேலே சென்றது. அது மறையும் வரையில் மூவரும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் புறப்பட்டபோது, ரசீதைக் காட்டிக் கருவியைப் பெற்றுக் கொண்டான். அவன் வரைந்த தாள் நம் வீட்டில் தந்தையாரின் படத்துக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் அன்பர்களும், அவர்களை வரவேற்கும் அன்பர்களும், பெட்டி கட்டுமுன் இரு நாட்டு விதிகளையும் கேட்டறிக. திருமணங்களில் டிரோன் படம் எடுப்போரிடம் பதிவும் அனுமதியும் உண்டா என வினவுக. தொம்மலூர் மேம்பாலத்தைக் கடப்போர் ஒருநாள் இறங்கிச் சொக்கப் பெருமாளைச் சேவித்துச் செல்க. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டா.