பாரிஸில் ஒரு தமிழ்ப் பாட்டு



போன வாரம் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடை முடித்து உட்கார்ந்திருந்தேன். பாரிஸில் இருக்கும் தம்பி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பி, "அத்தை, இது என்ன மொழி, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருந்தாள். பியானோவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாடுகிறார். மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. தமிழ்!

இசை மோரிஸ் தெலாஜ் என்று போட்டிருந்தது. தேடிப் படித்தேன். 1879இல் லியோன் நகரில் பிறந்தவர். கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா, பிறகு மீன் வியாபாரம் என்று இருந்துவிட்டு, இருபது வயதுக்கு மேல்தான் இசைக்கு வந்தார். புகழ்பெற்ற ராவெலின் மாணவர், நெருங்கிய நண்பர். எழுதியது கொஞ்சம்தான், அங்கேயே பலருக்கு அவரைத் தெரியாது. 1912 வாக்கில் இந்தியாவைச் சுற்றிவிட்டு மெட்ராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்று ஊர்ப்பெயர் வைத்து நான்கு பாட்டுகள் எழுதினார். 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேற்றம்.

எனக்கு வந்தது வேறு பாட்டு, 'ராகமாலிகா'. கோயமுத்தூர் தாயி பாடிய கிராமபோன் தட்டைக் கேட்டு, கிட்டத்தட்ட அதையே எழுதிவைத்திருக்கிறார். தாள வாத்திய ஓசைக்காகப் பியானோவில் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு செருகச் சொல்கிறார்! (கைவேலை வகுப்பில் நாம் செய்ததெல்லாம் ஞாபகம் வந்தது.) ஆனால் அவள் அனுப்பியதில் தாயியின் பெயர் இல்லை. பாதிப் பாட்டு தாயியுடையது என்பேன்.

தாயி (1872–1917) தேவதாசி மரபில் வந்தவர். மயிலாப்பூரில் பிறந்து இத்தனை மார்கழிகள் கச்சேரி கேட்ட எனக்கு அவர் பெயரை ஒரு பிரெஞ்சுக்காரர் மூலம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரியாததிலும் ஆச்சரியமில்லை. எங்கள் தாத்தா வீட்டில் 'அந்தக் குலத்து' இசைத்தட்டு நுழையக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பதம் பாடினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "எங்க பாட்டி, டீச்சர்" என்றாள். ஆசிரியர் அறையில் அந்தப் பாட்டியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மறு வருஷம் பாடுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நான் வாய் திறக்கவில்லை.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா, தெரியவில்லை. அந்தப் பதம் ஞாபகம் இருந்தால் இரண்டு வரி பாடி எனக்கு அனுப்பு. பாட்டியின் பெயரையும் எழுது.